உப்பு நிலத்தில் நெல் நாற்று

ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாயைச் சூழ்ந்த தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களுக்கு எத்திபான் என்னும் மருந்து புதிதன்று. 1960-களின் இறுதியில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் ஆராய்ந்த இம்மருந்தை வெட்டுக்கோட்டை ஒட்டிப் பூசினால் எத்திலின் வாயு வெளிப்படும். பால் விரைவில் உறைந்துவிடாமல் நெடுநேரம் வடியும். எத்திலின் பாலாக மாறுவதில்லை. மரத்துக்கு அஃது ஓர் ஆணை, அவ்வளவே. பயிர்கள் தமக்குள்ளேயே சுரந்துகொள்ளும் இத்தகைய ஆணைப் பொருள்களை வளரூக்கிகள் என்பர். அவற்றுள் வேறொன்று கடலோர நெல் நாற்றைக் காக்க முனைகிறது.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகப்பட்டின வட்டாரத்து வயல்களில் கடல்நீரைப் பாய்ச்சிச் சென்றது. நெல்லோ உப்புக்கு மிகவும் அஞ்சும் பயிர். மண்சாற்றின் மின்கடத்தல் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே அதன் விளைச்சல் குன்றும். கடல்நீரின் அளவு ஏறத்தாழ 50. முளைவிடும்போது ஓரளவு தாங்கும் நெல், இளநாற்றிலும் பூக்கும் பருவத்திலுமே பெரிதும் துவளும்.

உப்பு மிகுந்தால், ஈரம் இருந்தும் வேரால் நீரை எளிதில் உறிஞ்ச இயலாது. உடனே அப்சிசிக் அமிலம் என்னும் ஊக்கி பயிரில் பெருகுகிறது. அதன் ஆணைப்படி இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. நீர் ஆவியாவது குறைகிறது. அந்நீரோட்டத்தோடு தண்டுக்கு ஏறும் சோடியமும் குறைகிறது. கேரளக் கடலோரத்துப் பொக்காளி, வங்கத்து நோனா போக்ரா ஆகிய உப்புத்தாங்கி நெற்களின் வேர்களில், உப்புப் பட்டவுடன் இவ்வமிலம் மென்மையான நெல்வகையின் வேரைவிட மிகுதியாகக் காணப்பட்டதைப் பெல்ஜிய ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்டனர்.

இக்காவலுக்கு விலை உண்டு. துளை மூடினால் கரியமில வாயுவும் உட்புகாது. உணவு ஆக்கம் தளர்ந்து நாற்று குறுகி நிற்கும். உழவர் கண்ணுக்கு நோயாகத் தோன்றும் அத்தேக்கத்தில் ஒரு பகுதி, பயிர் தானே மேற்கொண்ட சிக்கனமாகும்.

ஊக்கி ஒன்றே போதுமா? போதாது. நோனா போக்ராவில், மேலேறும் சாற்றிலிருந்து சோடியத்தை மீட்டெடுக்கும் புரதம் ஒன்றும் உண்டென 2005-இல் கண்டறியப்பட்டது. பொக்காளியின் நெடிய வளர்ச்சியும் உள்ளே புகுந்த உப்பைப் பரவலாக்கி அடர்த்தியைக் குறைக்கிறது. கடையில் வாங்கும் ஊக்கியைத் தெளித்து எந்நெல்லையும் பொக்காளியாக்கலாம் என்பது வீண் ஆசை. தஞ்சைக் கடலோரத்தார் களர்ப்பாலை, குழியடிச்சான் ஆகிய விதைகளைப் போற்றியதும், நன்னீர் விட்டு உப்பை வடித்தபின் முதிர்ந்த நாற்றை நடுவதும் இன்றும் பொருளுள்ளவை.