நடத்தை: நன்று

வெள்ளை உடுப்பு – தொடர்: 11

கீரனூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. திருச்சி பஸ்ஸும் புதுக்கோட்டை பஸ்ஸும் மாறி மாறி ஹாரன் அடிக்க, உள்ளே இருப்பவர்கள் கத்தித்தான் பேச வேண்டும். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் குளத்தூர், நார்த்தாமலை பக்கத்திலிருந்தெல்லாம் பிள்ளைகள் பிளாஸ்டிக் ஃபைலோடு வந்து நிற்பார்கள். போன வாரம் கல்விக் கடனைப் பற்றிப் பேசினோமே, அந்தக் காகிதங்களுக்கு நகல் எடுக்கும் கூட்டத்தில்தான் நானும் நின்றிருந்தேன்.

எனக்கு முன்னால் ஒரு பெண். பி.எஸ்சி. நர்சிங் சேரப்போகிறாள். கடைக்காரர் அவளுடைய மாற்றுச் சான்றிதழைக் கண்ணாடி மேல் கவிழ்ப்பதற்கு முன் ஒரு வரி கண்ணில் பட்டது. நடத்தை: நன்று.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் அன்று சாயங்காலம் அதைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். "எல்லாப் பிள்ளைக்கும் 'நன்று'தான் தம்பி. வேற ஏதாவது எழுதினா அந்தப் பிள்ளை எங்க போயிப் படிக்கும்?"

அவர் சொன்னதில் கருணை இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே பதில் எழுதப்படும் கேள்வியைக் கேட்டு என்ன பயன்?

நோயாளியின் படுக்கையருகே நிற்கப்போகும் ஒருவரைப் பற்றி நம் ஊரில் கல்லூரி வாசலில் கேட்கப்படுவது இவ்வளவுதான்: மதிப்பெண், சாதிச் சான்று, உடல்தகுதிச் சான்று, இந்த 'நன்று'. கூடவே ஒரு ராகிங் எதிர்ப்பு உறுதிமொழிப் பத்திரம். மாணவரும் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டிய அந்தப் பத்திரத்தை யாரும் படிப்பதில்லை. அதற்குப் பின்னால் இரண்டு உயிர்கள் இருக்கின்றன.

1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்த பொன் நாவரசு, சீனியர் மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பேராசிரியர் பொன்னுசாமியின் மகன் அவர். மறு ஆண்டே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. வழக்கோ கீழ்க்கோர்ட்டில் தண்டனை, உயர் நீதிமன்றத்தில் விடுதலை என்று சுற்றி, 2011இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதி செய்த பிறகுதான் முடிந்தது. இடையில் 2009 மார்ச்சில் இமாச்சலத்தின் டாண்டா மருத்துவக் கல்லூரியில் அமன் கச்ரூ என்ற மாணவர் ராகிங்கில் இறந்தார். அந்த ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிகளில், சேர்க்கை விண்ணப்பத்தோடு வரும் சான்றிதழ் அந்த மாணவர் பிறரோடு எப்படிப் பழகுபவர் என்பதையும் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்துப் பெற்ற விதி அது. அதற்கும் நாம் எழுதும் பதில் 'நன்று'தான்.

சரி, பின்னணியைப் பார்க்கும் போலீஸ் விசாரணை எப்போது வருகிறது? படித்து முடித்து, கடன் ஏறி, வேலைக்குக் கிளம்பும்போது.

அதே கடையில் மூலை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த தம்பியைப் பற்றி இனிச் சொல்கிறேன். நர்சிங் டிப்ளமோ முடித்தவன். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு வருடம் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்தவன். வளைகுடாவில் வேலை கிடைத்துவிட்டது. பி.சி.சி. மட்டும்தான் பாக்கி. போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து 500 ரூபாய் கட்டினால், விவரம் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு விசாரணைக்குப் போகும். இவனுக்கு அங்கேதான் நின்றுவிட்டது.

"என்ன தம்பி கேஸு?"

"ஒண்ணுமில்லண்ணே. பத்தொம்பது வயசுல திருவிழால ஆடல்பாடல் நடந்துச்சு. சேர் போடுறதுல தகராறு. அஞ்சாறு பேரு மேல எழுதிட்டாங்க."

என்னென்ன பிரிவு என்று கேட்க வேண்டியதில்லை. 294 பி, 323, 506. தமிழ்நாட்டில் தெருச்சண்டைக்கு வழக்கமாக விழும் மூன்று எண்கள். கெட்ட வார்த்தை, கையால் அடித்தது, மிரட்டியது. 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் எண்கள் மாறிவிட்டன. சண்டை மாறவில்லை.

"அப்பறம் என்னாச்சு?"

"ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிருங்க, இன்னைக்கே முடிஞ்சிரும், இல்லேன்னா வாய்தா வாய்தான்னு அலையணும்னு சொன்னாங்கண்ணே. ஆளுக்கு ஆயிரம் கட்டிட்டு வந்துட்டோம். முடிஞ்சிருச்சுன்னுல்ல நெனச்சேன்."

முடியவில்லை. அன்றுதான் தொடங்கியது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் சட்டத்தின் கண்ணில் அது தண்டனை. ஆயிரம் ரூபாயானாலும் தண்டனைதான். அடிபட்டவரும் அடித்தவரும் சமாதானமாகி, சட்டம் அனுமதிக்கும் பிரிவுகளில் நீதிமன்றத்தில் ராஜி பதிவு செய்தால், அதற்கு விடுதலை என்று பொருள். ஒரே சண்டை, ஒரே நாள், ஒரே கோர்ட்டுப் படிக்கட்டு. ஒரு வழியாக இறங்கினால் குற்றவாளி, இன்னொரு வழியாக இறங்கினால் விடுதலையானவர். எல்லாப் பிரிவுக்கும் ராஜி கிடையாது. அதற்கும் ஒரு கதவு உண்டு: 1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். முதல் தவறு, சிறிய தவறு என்றால் தண்டிக்காமல் கண்டித்தோ, நன்னடத்தைப் பிணையிலோ விடும்படி கேட்கலாம். அப்படி விடப்பட்டவரை, தண்டனையோடு சட்டப்படி ஒட்டிவரும் தகுதியிழப்பு சேராது என்கிறது அதன் 12ஆம் பிரிவு. இதை அந்தத் தம்பிக்கு யாரும் சொல்லவில்லை. வாய்தாவைப் பற்றி மட்டும் சொன்னார்கள்.

இங்கிலாந்தில் நர்சிங் மாணவரைச் சேர்க்கும்போதே குற்றப் பின்னணியைச் சல்லடை போட்டுச் சலிக்கிறார்கள். நம்மவர்கள் அங்கே படிக்கப் போனாலும் தப்ப முடியாது. ஆனால் அந்தச் சல்லடைக்கு ஓர் அளவு இருக்கிறது. சிறைக்குப் போகாத சில்லறைக் குற்றம், கடுங்குற்றப் பட்டியலில் இல்லாதது என்றால், 11 ஆண்டுக்குப் பின் குற்றப் பின்னணிச் சான்றிதழிலிருந்து உதிர்ந்துவிடும். 18 வயதுக்குள் செய்தது என்றால் ஐந்தரை ஆண்டு போதும்.

சல்லடை எல்லாவற்றையும் பிடித்துவிடுமா? ஹரோல்ட் ஷிப்மன் என்ற டாக்டர் 1976லேயே பெத்திடின் ஊசிக்காகப் பொய்ச் சீட்டு எழுதிப் பிடிபட்டு 600 பவுண்டு அபராதம் கட்டியவர். தாள் இருந்தது, பார்த்தார்கள், எச்சரித்து விட்டுவிட்டார்கள். 2000இல் 15 நோயாளிகளைக் கொன்றதற்காகத் தண்டிக்கப்பட்டார். பின்னர் நடந்த விசாரணை அவர் கையால் இறந்தவர்கள் 215 பேர் என்றது. போதை மருந்துக்காகப் பொய் எழுதிய கையிடமே மருந்து அலமாரியின் சாவி தொடர்ந்து இருந்தது. திருவிழாவில் சேருக்குச் சண்டை போட்டதும் பெத்திடினுக்குப் பொய்ச் சீட்டு எழுதியதும் ஒரே எடையா? இரண்டிலும் அபராதம்தான். எண்ணை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

அப்படியானால் கேட்கவே வேண்டாமா? கேட்கத்தான் வேண்டும். 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டார். தண்டிக்கப்பட்டவர் மருத்துவரோ மாணவரோ அல்ல, காவல் துறைக்கு உதவியாக இருந்த குடிமைத் தன்னார்வலர். இவர்களை எப்படிப் பொறுக்கி எடுக்கிறீர்கள், பின்னணியை எப்படிச் சரிபார்க்கிறீர்கள் என்று உச்ச நீதிமன்றம் மேற்கு வங்க அரசைக் கேட்டது. நோயாளிக்கும் உடன் வேலை செய்பவருக்கும் அந்தப் பதிலைக் கேட்கும் உரிமை உண்டு.

எடை போடும் முறையையும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2016இல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு வகுத்த நெறி இது: கேட்டால் உண்மையைச் சொல், அற்ப வழக்கை ஒருவர் மறைத்திருந்தாலும் வேலை கொடுப்பவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம், பெரிய வழக்கை மறைத்தால் வேலையை இழக்க நேரிடும். சிறார் நீதிச் சட்டம் 2015, பதினெட்டு வயதுக்குள் செய்த தவறுக்காகத் தகுதியிழப்பு கூடாது என்கிறது. பதினாறு வயதைக் கடந்தவர் செய்த கொடுங்குற்றம் மட்டும் அதற்கு விலக்கு. ஆக, தராசு இருக்கிறது. கல்லூரி வாசலில் அதைத் தூக்கிப் பிடிக்கத்தான் ஆளில்லை.

பின்னணி பார்ப்பது என்றாலே இந்த மாவட்டத்துக்கு ஒரு பழைய தழும்பும் உண்டு. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. பெண் என்பது ஒரு காரணம். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர் என்பது இன்னொரு காரணம். தொண்டைமான் மன்னர் தலையிட்டுச் சேர்த்துக்கொண்டார். 1912இல் முத்துலட்சுமி டாக்டரானார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவரும் அவர்தான். அன்று கேட்டது 'நீ யார் வீட்டுப் பிள்ளை' என்று. கேட்டிருக்க வேண்டியது 'நீ என்ன செய்தாய்' என்று. அந்தக் கேள்வியையும் முதல் நாளே கேட்க வேண்டும், செய்தது எப்போது, எதற்காக என்பதையும் சேர்த்து. மூன்று வருடம் படிக்க வைத்து, கடனை ஏற்றிவிட்டுக் கேட்பது நியாயமில்லை.

அந்தத் தம்பியின் விண்ணப்பத்தைத் திரையில் திறந்து பார்த்தோம். வழக்கு, தண்டனை ஏதும் உண்டா என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. "நீ போட்டியா?" என்றேன். "நான் எங்கண்ணே போட்டேன். கடையில அவங்களே எல்லாருக்கும் 'இல்லை'ன்னு தட்டிவிட்ருவாங்க." தலைமையாசிரியரின் 'நன்று' மாதிரிதான் இதுவும். ஆனால் இதில் அவன் பெயரும் கையெழுத்தும் இருக்கிறது.

முதலில் கோர்ட்டில் தீர்ப்பு நகலுக்கு மனுப் போடு, அதை ஒரு வக்கீலிடம் காட்டு, புது விண்ணப்பத்தை நீயே நிரப்பு என்றேன்.

"உண்டுன்னு போட்டா குடுப்பாங்களாண்ணே?"

என்னால் வாக்குக் கொடுக்க முடியவில்லை. "உண்டுன்னே போடு" என்றேன். கொஞ்ச நேரம் மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பின்னால் நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள்.

(அடுத்த வாரம்: முதல் இரவுப் பணி)