ஓர் இரவில் கிடைத்த விடை

ஓசூரில் சிப்காட் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர் தம் குறையைச் சொன்னார்.

"பையன் புள்ளிவிவர இயலில் எம்.எஸ்ஸி. தேறிவிட்டான், சார். இங்கேயே தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. அவனோ ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறான். ஆராய்ச்சி சோறு போடுமா?"

நியாயமான கேள்விதான்! அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஹூவின ஹடகலி இன்று கர்நாடகத்தில் இருக்கிறது. 1920-இல் அது சென்னை மாகாணத்து ஊர். அங்கே ஒரு தெலுங்குக் குடும்பத்தில் எட்டாவது குழந்தை பிறந்தது. கண்ணனும் எட்டாவது பிள்ளையல்லவா? ராதாகிருஷ்ணன் என்று பெயரிட்டார்கள். அவர்தான் ஸி. ஆர். ராவ்.

ஆந்திரா சர்வகலாசாலையில் கணிதம் படித்துத் தேறினார். ஆராய்ச்சிக்கு உபகாரச் சம்பளம் கிடைக்கவில்லை. யுத்த காலம்; ராணுவ உத்தியோகம் தேடிக் கல்கத்தா போனார். அதுவும் கைகூடவில்லை. ஆனால் அங்கே மகலனோபிஸ் நடத்திவந்த இந்தியப் புள்ளியியல் கழகம் கண்ணில் பட்டது. 1941-இல் அதில் சேர்ந்தார். 1943-இல் கல்கத்தா சர்வகலாசாலையில் புள்ளிவிவர இயல் எம்.ஏ. பட்டம் பெற்று, அங்கேயே பாடம் சொல்லவும் தொடங்கினார்.

ஒரு நாள் வகுப்பில் தாண்டேகர் என்ற மாணவர் ஒரு சந்தேகம் கேட்டார். பிற்காலத்தில் பெரிய பொருளாதார நிபுணரானவர் அவர். "மாதிரிகள் ஏராளமாக இருந்தால் இந்த விதி பொருந்தும் என்கிறீர்கள். கொஞ்சமாக இருந்தால்?" என்பதுதான் கேள்வி. 25 வயது நிரம்பாத ராவ் இரவெல்லாம் கண் விழித்தார். மறுநாள் விடையோடு வந்தார்!

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஆனால் சில சோற்றைப் பார்த்து எவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியும்? ஓரவஞ்சனை இல்லாத எந்தக் கணிப்பும் தாண்ட முடியாத எல்லைக் கோட்டை அவர் வகுத்தார். 1945-இல் கட்டுரை வெளிவந்தது. ஸ்வீடன் நாட்டுக் கிராமரும் தனியே அதையே கண்டதால், 'கிராமர்–ராவ்' என்று உலகம் அதற்குப் பெயர் சூட்டியது.

பிறகு கேம்பிரிட்ஜ். பொருட்காட்சிச் சாலையில் பழைய எலும்புகளின் அளவுகளை ஆராயும் வேலை. கூடவே மேதை ஃபிஷரிடம் ஆராய்ச்சி. 1948-இல் டாக்டர் பட்டம். 102 வயது வாழ்ந்து 2023 ஆகஸ்டில் மறைந்தார்.

"ஆயிரம் போல்ட்டில் சிலவற்றைச் சோதித்து மொத்தத்தையும் மதிப்பிடுகிறார்களே, அதுவும் இதே சாஸ்திரம்தான். பையன் எங்கே போனாலும் படிப்பு வீணாகாது" என்றேன்.

"சம்பளம்?"

"சி.எஸ்.ஐ.ஆர். நெட் பரீட்சையில் உயர்ந்த இடம் பெற்றால் உதவித்தொகை உண்டு. 2023-இல் அதை மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தினார்கள். முதல் இரண்டு வருஷத்துக்கு அது; பிறகு கொஞ்சம் கூடும். ராவ் வளர்த்த கழகத்தின் கிளை பெங்களூரிலேயே இருக்கிறது. ஆனால் பட்டம் வாங்க ஐந்து வருஷமாவது பிடிக்கும். வாங்கியவுடன் உத்தியோகம் வாசலில் வந்து நிற்கும் என்று நான் சொல்லமாட்டேன்."

பெரியவர் பேசவில்லை. பஸ் வந்தது. படியில் கால் வைத்தவர் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பரீட்சைக்கு எப்போது சார் மனுப் போடணும்?"