பகலுக்கு ஒரு படம், இரவுக்கு ஒரு படம்

நண்பகல் வெயிலில் நடந்து சென்று பிள்ளையார்பட்டிக் குடைவரைக் கோயிலுக்குள் நுழைந்திருக்கிறீர்களா? முதலில் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. சற்றுப் பொறுத்தால் கற்பக விநாயகரின் உருவம் மெல்லத் தெளியும். வெளியே வந்தாலோ கண் கூசும். ஏன்?

கண்பாவை வெயிலில் சுமார் 2 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. இருளில் 8 மில்லிமீட்டர் வரை விரியக்கூடும். விட்டம் 4 மடங்கானால் பரப்பு 16 மடங்காகும். ஆனால் வெயிலோ விளக்கொளியைப்போல் பல்லாயிரம் மடங்கு! எனவே விழித்திரையும் உதவிக்கு வருகிறது. அதன் கோல் செல்களில் ரொடாப்சின் என்ற நிறமிப்பொருள் உண்டு. ஒளி பட்டால் அது சிதைகிறது. இருளில் மீண்டும் உருவாகிறது. முழுமையாக உருவாக 30 முதல் 40 நிமிடங்கள் வரை ஆகலாம்.

கணிப்பொறியின் முன்பும் இதே நிலைதான். இரவில், மங்கலான அறையில் கண்பாவை விரிந்திருக்கும். அப்போது திரையில் வெண்ணிறப் படம் பளிச்சிட்டால் கண் கூசுகிறது. பகலில் கருநிறப் படம் இருந்தாலோ, சன்னல் வெளிச்சம் திரையில் எதிரொளித்துப் படத்தை மறைக்கிறது. ஆகவே, வால்பேப்பர் எனப்படும் பின்னணிப் படத்தை இரண்டாக வைத்துக்கொள்ளலாம். லினக்ஸ் கணிப்பொறிகளில் பயன்படும் க்னோம் திரையமைப்பில் இவ்வசதி 2022-இல் வந்தது.

நீங்களும் செய்து பாருங்கள். கோயில் குளக்கரையில் ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்தே கோபுரத்தைக் காலையில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் படமெடுங்கள். இரவில் காமிரா அசையாதிருக்கத் தாங்கி வேண்டும். இரு படங்களையும் திரையின் அளவுக்கு, எடுத்துக்காட்டாக 1920 × 1080 புள்ளிகளுக்கு, வெட்டுங்கள். இரண்டிலும் கோபுரம் ஒரே இடத்தில் அமையட்டும். இல்லையேல் மாறும்போது கோபுரமே குதிப்பதுபோல் தோன்றும்! க்னோமில் ‘ஜிசெட்டிங்ஸ்’ என்ற கட்டளை உண்டு. அதில் ‘பிக்சர்-யூஆர்ஐ’ என்பதற்குப் பகற்படத்தின் முகவரியையும், ‘பிக்சர்-யூஆர்ஐ-டார்க்’ என்பதற்கு இரவுப் படத்தின் முகவரியையும் கொடுங்கள். பிறகு அமைப்புகளில் தோற்றம் என்னும் பக்கத்தில் ஒளி, இருள் இரண்டில் எதைத் தேர்ந்தாலும் அதற்குரிய படம் தானே வந்துவிடும்.

ஒன்றை மறவாதீர்கள். சாதாரண எல்.சி.டி. திரையில் படம் கருமையானாலும் பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே இரவில் திரையின் ஒளியளவையும் குறைக்க வேண்டும்.

அடுத்த முறை குடைவரைக்குள் நுழையும்போது, உருவம் தெளிய எத்தனை விநாடிகள் ஆகின்றன என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் கண்ணின் வேலை உங்களுக்கே விளங்கும்!