தபசு மரத்தில் 'ரீடேக்' கிடையாது!

கதாநாயகன் மாடியிலிருந்து குதித்தால் கொட்டகையில் விசில் பறக்கிறது. 'டூப்' போடாமல் அவரே குதித்தார் என்று தெரிந்தால் ரசிகருக்கு இரட்டை மகிழ்ச்சி.

1989-ல் வெளிவந்த 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் கமல்ஹாசன் கால்களை மடக்கிக்கொண்டு குள்ள அப்புவாக நடித்ததையும், 2015-ல் வந்த 'ஐ' படத்துக்காக விக்ரம் உடலைப் பெருக்கியும் இளைத்தும் காட்டியதையும் இன்றும் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் படப்பிடிப்பில் ஒரு வசதி உண்டு. சரியாக வராவிட்டால் மறுபடியும் எடுக்கலாம். மேடையில் அது முடியாது.

எம்.ஜி.ஆர். கால் ஒடிந்தது

1959-ல் சீர்காழியில் 'இன்பக் கனவு' நாடகம். குண்டுமணி என்ற பருத்த நடிகரை எம்.ஜி.ஆர். தூக்கும் காட்சி. அன்று பிடி தவறியது. கால் எலும்பு முறிந்தது. இனி இவர் சண்டைக் காட்சிகளில் நடிப்பாரா என்ற ஐயம் எழுந்தது. குணமாகி எழுந்தவர் அதன் பின்னரும் பல ஆண்டுகள் வாள் சுழற்றினார். சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் பழகிய உடல் அல்லவா!

மேடையிலாவது காலடியில் தரை உண்டு. அதுவும் இல்லாத நடிப்பு ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது.

நம் ஊர் அர்ஜுனன்

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் திரௌபதி அம்மன், தர்மராஜா கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் தீமிதி. இடையில் வருவது 'அர்ஜுனன் தபசு'. திறந்த வெளியில் நெடுமரம் நட்டிருப்பார்கள். அர்ஜுனன் வேடதாரி விரதமிருந்து, படிக்குப் படி பாடியபடியே ஏறுவார். உச்சியில் நின்று சிவபெருமானிடம் பாசுபதம் வேண்டுவார். அங்கிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் மடியேந்திக் காத்திருப்பார்கள். கால் நடுங்கினாலும் பாட்டு நடுங்கக் கூடாது. 'ரீடேக்' கிடையாது.

இந்தக் கூத்தின் அருமையைப் பட்டணமும் உணர்ந்ததுண்டு. 1977-ல் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறையில் கூத்துப் பயிற்சியும் இடம்பெற்றது. 'விருமாண்டி' படத்தில் மிரட்டிய பசுபதி அங்கே பயின்றவர்தான்.

ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டை அமைந்துள்ள சத்தியவேடு பகுதி, 1960 ஏப்ரல் 1-ந் தேதி எல்லை மாற்றத்தில் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரத்துக்கு வந்தது. எல்லைக் கோடு நகர்ந்தது, கூத்து நகரவில்லை. ஆனால் விடிய விடியக் கூத்துப் பார்த்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்று தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். கூட்டம் குறைந்தால் மரம் ஏற அடுத்த ஆள் எங்கிருந்து வருவார்?

சினிமா நடிகருக்குக் கைதட்ட ஆயிரம் ஊர் உண்டு. தபசு மரத்து அர்ஜுனனுக்கு நாம்தான் உண்டு. அடுத்த திருவிழாவில் ஒரு நாள் லீவு போட்டுப் பிள்ளைகளோடு போய் நில்லுங்கள். அவர் இறங்கி வந்ததும் இயன்றதைக் கையில் கொடுங்கள்.