ஓநாய் மனிதனும் சிங்கத்தின் மகனும்

எமது பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டியபொழுது, நாம் கந்தபுராணத்தைப் பற்றியோ நாவலர் பணியைப் பற்றியோ எழுதுவோம் என்றே எண்ணியிருப்பர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ ஓர் ஆங்கிலப் பேய்ப்படம். வெள்ளவத்தைச் சவோய்ப் படமாளிகையில் ஆங்கிலப் படமும் கொட்டாஞ்சேனையில் தமிழ்ப் படமும் பார்த்து வளர்ந்தவர் எம்மவருட் பலர். வீட்டாருக்குச் சொல்லாமற் போனவரும் உளர். ஆதலின் இப்பொருள் கண்டு எவரும் முகஞ் சுளியார் என நம்புகிறோம்.

2010 ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஓநாய் மனிதன்’ என்னும் படத்தையே குறிப்பிடுகிறோம். 1941 இல் இதே பெயருடன் வெளிவந்த படத்தை அதே யூனிவர்சல் நிறுவனத்தார் மீண்டும் எடுத்தனர். பழைய படத்தின் கதை அப்படம் வெளிவந்த காலத்திலேயே நிகழ்வது. புதியதை விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்காலத்துக்கு, 1891 ஆம் ஆண்டுக்கு, பின்னகர்த்தினர். ஓநாயாற் கடியுண்ட ஒருவன் இரவிலே தானும் ஓநாயாகி, எதிர்ப்பட்டோரைக் கொன்று, விடிந்தபின் மனிதனாய் விழித்து நடுங்குவதே இரண்டுக்கும் பொதுவான கதை.

உருமாற்றம் எமக்குப் புதிதன்று. வண்டு தீண்டாத மலரைப் பொழுது புலருமுன் பறிக்கவேண்டிப் புலிக்காலும் புலிநகமும் வரமாகக் கேட்டுப் பெற்றவர் வியாக்கிரபாதர். அவர் வழிபட்ட தில்லைப் பொன்னம்பலத்தின் பெயரையே கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் கோயிலும் தாங்கிநிற்கிறது. மாணிக்கவாசகர் பொருட்டு நரிகள் பரிகளாகி, இரவானதும் மீண்டும் நரிகளாகி ஊளையிட்ட கதையைக் கேளாத சைவப் பிள்ளை இல்லை. ஆயினும் ஓநாய் எம்மை அச்சுறுத்திய விலங்கன்று. இலங்கைக் காடுகளில் ஓநாய் இல்லை. நாயினத்தைச் சேர்ந்த காட்டு விலங்கு எமக்கு நரி ஒன்றே. எனவே இப்படத்தை அச்சத்தோடு அன்றி ஆராய்ச்சியோடு பார்க்கும் வாய்ப்பு எமக்கு உண்டு.

முதற் படத்தின் கதையை எழுதிய கேர்ட் சியோட்மக் ஜேர்மனியிற் பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933 இல் அந்நாட்டை விட்டு வெளியேறியவர். ஓநாய் மனிதன் தான் அடுத்துக் கொல்லவிருப்பவரின் உள்ளங்கையிலே ஒரு நட்சத்திரக் குறியைக் காண்பான் என அவர் எழுதினார். ஜேர்மனியில் யூதர் தம் உடையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ளவேண்டும் என்று ஆணை பிறந்ததும் அதே 1941 இலேயே. நேற்றுவரை அயலவனாய் இருந்தவன் இன்றிரவு கொலைஞனாவான் என்பது சியோட்மக்குக்கு வெறுங் கற்பனையாய் இருந்திராது. வெள்ளியாலன்றி அவனைக் கொல்லவியலாது என்பது இப்படத்தினாலேயே உலகறிந்த விதியாயிற்று. முழுநிலா விதியோ 1943 இல் வந்த தொடர்ப்படத்திலேதான் உறுதிபெற்றது. பழங்கிராமத்துக் கதையென நாம் நம்புவனவற்றுட் சில, எம் தந்தையர் காலத்துத் திரைப்படச் சரக்கே என்பதை அறியும்போது சிரிப்பு வருகிறது.

ஒப்பனையைப் பற்றியும் ஒரு சொல். 1941 இல் ஜக் பியேர்ஸ் என்பார் கவரிமாவின் மயிரை நாள்தோறும் மணிக்கணக்காக லொன் சானி என்ற நடிகரின் முகத்தில் ஒட்டினார். மானத்துக்கு உவமையாய் வள்ளுவர் காட்டிய விலங்கின் மயிர், தன்னை இழந்தவன் முகத்துக்குப் பயன்பட்டது! புதிய படத்தில் இவ்வேலையை ஏற்ற றிக் பேக்கரும் டேவ் எல்சியும் 2011 இல் ஒப்பனைக்கான ஒஸ்கார் பரிசு பெற்றனர். சுமார் 15 கோடி டொலர் செலவிட்டு எடுத்த படம் செலவைத் திரையரங்குகளில் மீட்கவில்லை. படப்பிடிப்புத் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது இயக்குநர் விலக, ஜோ ஜோன்ஸ்ரன் வந்து பொறுப்பேற்றார். அந்த அவசரம் படத்திற் பல இடங்களிலே தெரிகிறது.

இனி, ஏன் 1891? வாயு விளக்கு, மூடுபனி, பாழடைந்த மாளிகை ஆகியன கண்ணுக்கு அழகு என்பது ஒரு காரணம். அறிவியல் எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று ஒரு சமுதாயம் மார்தட்டிய காலம் அது என்பது இன்னொன்று. அக்காலத்திலேதான், ஒரே மனிதனுக்குள் இருவரை வைத்து ஸ்ரீவன்சன் எழுதிய ஜெகில்-ஹைட் கதை 1886 இலும், இரத்தம் குடிக்கும் டிராகுலாவின் கதை 1897 இலும் வந்தன. படத்தில் வரும் அபர்லைன் என்னும் துப்பறிவாளருங்கூட, 1888 இல் லண்டன் வைற்சப்பல் கொலைகளை விசாரித்த உண்மையான ஓர் அதிகாரியின் பெயரைத் தாங்கியவரே.

படத்தின் மிகச் சிறந்த காட்சி லண்டன் பைத்தியசாலையிலே நிகழ்கிறது. கதாநாயகன் லோரன்ஸை நாற்காலியிற் பிணித்து, கற்றோர் நிறைந்த மண்டபத்தின் நடுவே வைக்கின்றனர். ஓநாயாதல் என்பது மனமயக்கமேயன்றி வேறில்லை என்று மருத்துவர் விளக்கிக்கொண்டிருக்கிறார். சாளரத்துக்கு அப்பால் முழுநிலா எழுகிறது. அவர் முதுகைக் காட்டியபடி தம் கொள்கையை நிறுவிக்கொண்டிருக்க, பின்னால் எலும்புகள் முறிந்து வளைகின்றன. அவையோர் கண்டுவிட்டனர்; அவரோ இன்னும் காணவில்லை. பனிநீரில் அமிழ்த்தி வதைத்ததை ‘சிகிச்சை’ என்று அழைத்தவர்களுக்கு நேர்ந்த கதியைக் கண்டு எம்மால் இரங்க முடியவில்லை.

ஆனால் எம்மை நெருடியது வேறொன்று. பழைய படத்திலே சாபத்தைக் கொண்டுவருபவன் பேலா என்னும் நாடோடிக் குறிகாரன். புதிய படத்திலும் ஊரார் நாடோடிகளையே ஐயுறுகின்றனர். ஆனால் குற்றவாளி மாளிகையின் தலைவரான சேர் ஜோன் டால்பட். நாடோடிகள் மீதிருந்த பழி நீங்கிற்று என நாம் மகிழுமுன், அவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று படம் சொல்கிறது: இந்துகுஷ் மலைக்குகை ஒன்றில் ஒரு காட்டுச் சிறுவன் அவரைக் கடித்தானாம். நாடோடியின் தலையிலிருந்து இறக்கிய சுமையைக் கிழக்கத்தியக் குழந்தை ஒன்றின் தலையில் ஏற்றிவிட்டனர்.

அச்சிறுவனுக்கு வரலாற்றில் உடன்பிறப்புகள் உளர். வடஇந்தியாவில் ஓநாய்க் குகைகளில் வளர்ந்ததாகக் கூறப்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஸ்லீமன் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1852 இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். புலந்சகர்ப் பகுதிக் குகையொன்றிலிருந்து வேட்டைக்காரர் பிடித்துவந்த ஒரு பையன் ஆக்ராவையடுத்த சிக்கந்தரா அநாதை இல்லத்திற் சேர்க்கப்பட்டான். சனிச்சர் என்று அவனுக்குப் பெயரிட்டனர். சனிக்கிழமை என்பதே அதன் பொருள். பல்லாண்டுகள் அங்கிருந்தும் அவன் பேசக் கற்றிலன். 1895 இல் இறந்தான். கிப்ளிங்கின் மௌக்லி காட்டிலே பாடித் திரியும் நூல் வெளிவந்தது அதற்கு முந்திய ஆண்டு. இத்தகைய பிள்ளைகளிற் பலர் ஓநாய் வளர்த்தவர்களே அல்லர், பெற்றோராற் கைவிடப்பட்ட ஊனமுற்ற குழந்தைகளே என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. கதையில் அவர்கள் ஒன்றில் வீரராயினர், அன்றேல் நஞ்சாயினர். சனிச்சராய் இருக்க எவரும் அவர்களை விடவில்லை.

சிங் என்னும் சீக்கியப் பணியாளர் ஒருவரும் படத்தில் உண்டு. ஒவ்வொரு முழுநிலாவுக்கும் எசமானை நிலவறையிற் பூட்டிவைத்து ஊரைக் காத்தவர் அவரே. வெள்ளிக் குண்டுகளும் அவரிடமே இருந்தன. அவரை அந்த எசமானே கொல்கிறார். படம் அதை இமைப்பொழுதிற் கடந்து செல்கிறது. எமக்குத் தெரிந்தவரையில் அக்கதையிலே கடமை தவறாத ஒரே மனிதர் அவர்தாம்.

இனித் தந்தை மகன் செய்திக்கு வருவோம். 1941 படத்திலே தந்தை நல்லவர், கற்றவர், தொலைநோக்கியால் விண்மீன் பார்ப்பவர். மகன் தன் நிலையைச் சொல்கிறான், அவர் நம்பவில்லை. இறுதியில், இருளிலே ஒரு பெண்ணைத் தாக்கும் விலங்கை வெள்ளிப் பூணிட்ட கைத்தடியால் அடித்துக் கொல்கிறார். விலங்கின் முகம் மெல்ல மெல்ல மாறி மகனின் முகமாகிறது. அந்த முகத்தைப் பார்த்து நிற்கும் குளோட் றெயின்ஸின் கண்களுக்காகவே அப்படத்தை எத்தனை முறையும் பார்க்கலாம். பிள்ளை சொன்னதைக் கேட்டும் கேளாதிருந்த தகப்பனார் எவருக்கும் அக்காட்சி சுடும். எம்மில் நரைத்தவர் பலருக்கும் சுடும்.

2010 படம் இதனைத் தலைகீழாக்கியது. தந்தையே முதல் ஓநாய். மகனின் தாயையும் தமையனையும் கொன்றவரும் அவரே. லோரன்ஸ் தொழிலால் நடிகன். நாம் அவனை முதன்முதல் அரங்கிலே ஹம்லெற் வேடத்திற் காண்கிறோம். தந்தையின் கொலைக்குப் பழிவாங்க நாடகத்தில் நின்றவன், தாயின் கொலைக்காகத் தந்தையையே கொல்ல வீடு திரும்புகிறான். எண்ணம் பெரிது. நிறைவேற்றமோ, தீப்பற்றிய மாளிகையில் இரு ஓநாய்கள் மல்யுத்தம் புரிவதோடு முடிகிறது. தந்தையாக நடித்த அன்ரனி ஹொப்கின்ஸிடம் குளிர்ந்த ஏளனம் உண்டு. மகன்மேல் பற்று ஏதும் இல்லை. அன்பில்லாதவனைக் கொல்வதிலே மகனுக்கு என்ன இழப்பு? லோரன்ஸின் தலை தப்புமா என்று பார்க்கிறோம், நெஞ்சம் கலங்கவில்லை.

தந்தை விலங்கைக் கொன்ற மகனின் கதை இந்நாட்டிலே எழுதப்பட்டு ஆயிரத்தைந்நூறு ஆண்டளவாகிறது. மகாவம்சத்தின் ஆறாம் அதிகாரத்தில், வங்க நாட்டு இளவரசி சிங்கத்துக்குப் பெற்ற மகன் சிங்கபாகு. தாயையும் தங்கையையும் சுமந்துகொண்டு குகையை விட்டு ஓடுகிறான். பிரிவாற்றாத சிங்கம் அவர்களைத் தேடி ஊர்களுட் புகுந்து அழிவு செய்கிறது. அரசன் பொருள் அறிவிக்கிறான். தாய் இருமுறை தடுக்கிறாள்; மூன்றாம் முறை அவளைக் கேளாமலே மூவாயிரம் பொன்னை ஏற்று மகன் புறப்படுகிறான். அவனைக் கண்ட சிங்கம் அன்போடு எதிர்கொண்டு வருகிறது. அம்பு நெற்றியிற் பட்டு, அதன் உள்ளத்து அன்பினாலே துளைக்காமல் மீண்டு மகனின் காலடியில் விழுகிறது. இவ்வாறு மூன்றுமுறை. பின்னர்ச் சிங்கத்துக்குச் சினம் மூள்கிறது. அடுத்த அம்பு உடலைத் துளைத்துச் செல்கிறது. வெள்ளிக் குண்டு வேண்டியதில்லை. அன்பு கவசமாய் இருந்தது, அது கழன்றதே சாவாயிற்று.

இதனை எதிரிவீர சரச்சந்திரா 1961 இல் பேராதனையில் நாடகமாக்கினார். அவர் கையாண்ட நாடகம் என்னும் ஆடல்முறையின் வேர் தமிழ்க் கூத்திலே உண்டென்பதை அறிஞர் ஏற்பர். அதே பேராதனையில், அதே 1960களில், பேராசிரியர் சு. வித்தியானந்தன் எமது கூத்துகளை மேடைக்கு மீட்டார். சிங்கபாகு நாடகத்திலே சிங்கத்துக்கும் பாட்டு உண்டு, புலம்பல் உண்டு. மொழி முற்றும் விளங்காத எம்மவரும் அவ்விடத்திற் கண்கலங்கியதைக் கண்டிருக்கிறோம்.

கல்லூரி நாடக மன்றத்து மாணவர் எவரேனும் இக்கதையைத் தமிழிற் கூத்தாக ஆட முன்வருவராயின், பழைய மாணவராகிய எமக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு: முதல் மூன்று அம்புகளையும் விரைந்து எய்துவிடாதீர்கள்.