வாத்தியார் நின்ற இடமே பள்ளிக்கூடம்

முருகன் வள்ளியை மணந்த கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மியைக் கற்றுக்கொள்ளக் கொங்கு நாட்டில் அன்றும் யாரும் கட்டடம் தேடிப் போனதில்லை, இன்றும் போவதில்லை. கோயில் முன்னால் ஒரு மண்தரை, நடுவில் ஒரு வாத்தியார், சுற்றிலும் ஊர்ச் சனம். பள்ளி என்பது இவ்வளவுதான். வாத்தியார் அடுத்த ஊருக்குப் போனால் பள்ளியும் கூடவே போகும். திருப்பூரை ஒட்டிய வேலம்பாளையம், அனுப்பர்பாளையம், திருமுருகன்பூண்டி, பெருமாநல்லூர் வட்டாரத்தில் இந்தக் கலையின் நேற்றையும் இன்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், மாறாமல் இருப்பது அந்த ஏற்பாடும் பார்த்துக் கற்கும் முறையும்தான் என்று தெரிகிறது. கற்பிக்கிறவர், கற்கிறவர், கற்கும் நேரம், பாட்டின் நீளம் எல்லாம் மாறிவிட்டன.

அன்று இந்த வட்டாரம் கிணற்றையும் வானத்தையும் நம்பிய பூமி. பருத்தி, சோளம், கம்பு, ஆடு மாடு என்று வாழ்ந்த ஊர்கள். திருப்பூரில் 1925இலேயே முதல் பனியன் கம்பெனி வந்துவிட்டாலும், சுற்றுக் கிராமங்களின் நாள்கணக்கை வெகுகாலம் வெள்ளாமைதான் தீர்மானித்தது. 1980களின் நடுவில் சில கோடி ரூபாய்க்கு நடந்த பின்னலாடை ஏற்றுமதி இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. தனி நகராட்சியாக இருந்த வேலம்பாளையம் 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் பழைய எல்லைக்குள் சுமார் 4.44 லட்சம் பேர் இருந்த நகரம், சுற்று ஊர்களைச் சேர்த்துக்கொண்டபின் 8.77 லட்சம் பேரின் நகரமாயிற்று. தோட்டமாக இருந்த இடத்தில் கம்பெனி நிற்கிறது. களமாக இருந்த இடத்தில் லைன் வீடுகள் நிற்கின்றன. கோயில் முற்றம் மட்டும் பல ஊர்களில் முற்றமாகவே மிஞ்சியிருக்கிறது. கும்மிக்கு அது போதுமானதாக இருந்தது.

கற்கும் நேரத்தை அன்று பயிர் சொன்னது. அறுவடை முடிந்து காட்டு வேலை ஓய்ந்த மாதங்களில், நோம்பி (திருவிழா) சாட்டுவதற்கு முன்னால், நிலா வெளிச்சத்திலோ பெட்ரோமாக்ஸ் விளக்கடியிலோ ஆட்டம் பழகினார்கள். விடிந்தால் ஓட வேண்டிய அவசரம் இல்லாத இரவுகள் அவை. இன்று நேரத்தைச் சொல்வது ஷிப்ட். கம்பெனியில் ஷிப்ட் முடித்து, வீட்டுக்கு வந்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டுப் பெண்கள் வந்துசேர எட்டு, எட்டரை ஆகிவிடும். பத்து, பத்தரைக்கு முடித்தாக வேண்டும்; காலையில் மறுபடி மெஷினில் உட்கார வேண்டும். ஷிப்மென்ட் அவசரம் வந்த வாரத்தில் வட்டத்தில் பாதி இடம் காலியாக இருக்கும். அதற்கேற்றபடி பாடத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கத் தெரிந்தவரே இன்று நல்ல வாத்தியார்.

அன்றைய வாத்தியார் ஒரு விவசாயியாகவோ கூலிக்காரராகவோ இருந்தார். பலருக்கு எழுத்து வாசனை குறைவு. ஆனால் வள்ளி கதை முழுவதும் அவர் நெஞ்சில் இருந்தது. நம்பிராசன் வீட்டில் வள்ளி வளர்ந்தது, தினைப்புனம் காத்தது, முருகன் வேடனாக வந்தது, வேங்கை மரமாக நின்றது, கிழவனாகத் தள்ளாடியது, அண்ணன் கணபதி யானையாக வந்து மிரட்டியது, கடைசியில் மாலை மாற்றியது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி மெட்டு, தனி அடவு. கூட்டம் ரசித்தால் தினைப்புனத்திலேயே ஒரு மணி நேரம் நிற்பார்; தூங்கி வழிந்தால் யானையைச் சீக்கிரம் வரவழைப்பார். அவரிடம் பத்துப் பேர், இருபது பேர் ஆடினார்கள். எல்லோரும் ஆண்கள், காலில் சலங்கை, கையில் துணி. ஆட்டத்தோடு கதையும் அவர்களுக்குள் இறங்கிற்று. ஏனென்றால் வாத்தியார் பாடும் ஒவ்வொரு அடியையும் அவர்கள் திருப்பிப் பாட வேண்டும். அப்படித் திருப்பிப் பாடியவர்களில் ஒருவர்தான் அவருக்குப் பின் நடுவில் போய் நின்றார். கூலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. களத்தில் அளந்த தானியம், நோம்பி அன்று ஒரு வேட்டி துண்டு, ஊரார் முன்னிலையில் ஒரு மாலை.

இன்றைய வாத்தியாருக்கு முன்னால் நூறு பேர் நிற்கிறார்கள். சில ஊர்களில் அதற்கும் மேல். கழுத்தில் மைக், பக்கத்தில் மேளம், ஒலிபெருக்கி. அவரும் பகலில் ஏதோ ஒரு வேலை பார்ப்பவர்தான். புதிதாக வருபவர்களுக்கு முதலில் காலை அசைக்க விடுவதில்லை. கையை மட்டும் தட்டச் சொல்கிறார். அடுத்து கையைக் கட்டிக்கொண்டு காலை மட்டும் எடுத்து வைக்கச் சொல்கிறார். இரண்டையும் சேர்க்கும் இரவில்தான் குழப்பம் வரும். இடப்பக்கம் திரும்ப வேண்டியவர் வலப்பக்கம் திரும்பி அடுத்தவரை இடிப்பார். அப்போது வாத்தியார் பாட்டை நிறுத்துவதில்லை. பாடிக்கொண்டே வட்டத்துக்குள் நடந்துபோய், தடுமாறுபவருக்கு முன்னால் நின்று தான் ஆடிக் காட்டுகிறார். தலைமுடியில் பஞ்சு ஒட்டிய ஒரு செக்கிங் தொழிலாளி அவர் காலையே பார்த்து, நாலாவது சுற்றில் பிடித்துக்கொள்கிறார். அன்றும் பாடம் இப்படித்தான் நடந்தது. கண்ணும் காலும் சேர்ந்து கற்கும் இந்த முறைக்கு மைக் வந்தும் மாற்று வரவில்லை.

அன்று பாட்டு காது வழியாக மட்டும் போயிற்று. இன்று அச்சிட்ட பாட்டுப் புத்தகம் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் ஆடியோ வருகிறது. பவர்டேபிள் தையல் கூடத்தில் ஓவர்லாக் அடித்துக்கொண்டே பாட்டைக் கேட்டு மனப்பாடம் செய்யலாம். பழகி முடித்து ஊர் முன்னால் ஆடும் அரங்கேற்றத்தின் வீடியோ யூடியூபில் கிடைக்கிறது; வெளிநாட்டில் இருக்கும் பேரன்கூடப் பார்க்கிறான்.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் வட்டத்தில் நிற்பவர் யார் என்பதில்தான். மாரியம்மன் நோம்பியில் பெண்கள் கும்மி தட்டுவது என்றும் உள்ள வழக்கம். சலங்கை கட்டி ஆடும் வள்ளி கும்மியோ ஆண்களின் ஆட்டமாக இருந்தது. அந்த வேலியைத் திறந்தவர்களில் மேட்டுப்பாளையம் பக்கத்தைச் சேர்ந்த எம். பத்ரப்பனுக்குத் தனி இடம் உண்டு. ஆண்களே ஆடிய கலையைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்; புராணக் கதையோடு சமூகச் செய்திகளையும் பாட்டில் சேர்த்தார். 2024ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது வயது 87. கும்மி வாத்தியார் என்றால் ஊர்த் திருவிழாவோடு சரி என்று நினைத்திருந்த நாட்டில், ஒரு வாத்தியாரின் பெயர் குடியரசு நாள் பட்டியலில் வந்தது. பெயர் வெளியே தெரியாத எத்தனையோ வாத்தியார்களின் உழைப்பும் அந்த ஒரு பெயருக்குள் இருந்தது.

இன்று வேலம்பாளையம் வட்டாரத்தில் கும்மி என்றாலே கண்முன் வருவது ஒரே நிறச் சேலை கட்டிய பெண்கள்தான். பள்ளிக்கூடச் சிறுமி, அவள் அம்மா, அம்மாவின் அம்மா என்று மூன்று தலைமுறை ஒரே வரிசையில் ஆடுகிறது. நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே தையலைப் போடும் உடம்புக்கு இந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு பெரிய விடுதலை என்பதை ஆடுபவர்களின் முகமே சொல்லும். இரவு ஒன்பது மணிக்கு வீட்டைவிட்டு வெளியே வந்து நூறு பேருக்கு நடுவில் அச்சமில்லாமல் ஆடும் உரிமை முன் தலைமுறைப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. இழப்பைப் பேசும்போது இந்த வரவை முதலில் எழுதிவிட வேண்டும்.

இழப்பும் உண்டு. அன்று கதை விடிய விடிய நடந்தது. இன்று இரண்டு, மூன்று மணி நேரத்தில் அரங்கேற்றம் முடிகிறது. அன்று ஆடியவரே பாடினார். இன்று பெரும்பாலான இடங்களில் வாத்தியார் மைக்கில் பாடுகிறார், மற்றவர்கள் ஆடுகிறார்கள். இருபது பேர் வட்டத்தில் ஒவ்வொருவர் குரலும் வாத்தியார் காதுக்கு எட்டும். இருநூறு பேர் வட்டத்தில் எட்டாது. ஒன்றிரண்டு மாதப் பழக்கத்தில் அடவு வந்துவிடும், கதை வராது. ஆட்டக்காரர்களின் கூட்டம் பெருகியிருக்கிறது. நடுவில் நின்று கதையை நடத்தத் தெரிந்தவர்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை.

இதே சிக்கலை வேறு வழியில் எதிர்கொண்ட ஒரு முயற்சி வட தமிழ்நாட்டில் நடந்தது. கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால் சக கலைஞர்களோடு 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் அவரும் அவர் மனைவி, ஆய்வாளர் ஹன்னே டி ப்ருயினும் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002இல் ஒரு குருகுலத்தை அமைத்தார்கள். பிள்ளைகள் அங்கேயே தங்கி, பள்ளிப் பாடத்தையும் கூத்தையும் சேர்த்துக் கற்றார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிய கூத்துக்குள் பெண்பிள்ளைகள் வேடம் கட்டி வந்தது அந்தக் குருகுலத்தின் பெரும் சாதனை. அங்கே பாட்டு, வசனம், ஆட்டம், மேளம் எல்லாம் ஆண்டுக்கணக்கில் ஊறிற்று. ஆனால் கட்டடமும் விடுதியும் உள்ள பள்ளிக்கு நிதியும் ஆளும் இடைவிடாமல் வேண்டும். 2020இல் அந்தக் குருகுலம் மூடப்பட்டது. கும்மிக்கு அந்த ஆபத்து இல்லை. முற்றத்தை யாரும் மூட முடியாது. ஆனால் குருகுலம் தந்த ஆழத்தை முற்றம் தானாகத் தந்துவிடாது. அதை வாத்தியார்தான் தர வேண்டும்.

வாத்தியாரை அரசு கவனிப்பது அன்றைவிட இன்று மேல். அன்று ஊர் கொடுத்த மரியாதைக்கு மேல் ஒன்றும் இல்லை. மூப்பு வந்தால் திண்ணைதான். 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று நல வாரியம் வந்தது. நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை தரப்படுகிறது. மாவட்டக் கலை மன்றங்கள் வயதுக்கேற்பக் கலை இளமணி தொடங்கிக் கலை முதுமணி வரை விருது தருகின்றன. அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழாவில் நாட்டுப்புற நடனத்துக்கும் இடம் இருக்கிறது. இவையெல்லாம் கலைஞரைத் தாங்குகின்றன. கற்பிக்கும் பணிக்கென்று தனியான ஊதியம் இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை. இரவெல்லாம் தொண்டை கிழியப் பாடிவிட்டு, தன் பெட்ரோல் செலவில் வீடு திரும்பும் வாத்தியார்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. கூட்டம் பெருகினால் அதைத் தங்கள் மேடையாக்கிக்கொள்ளப் பலர் வருவார்கள். அண்மை ஆண்டுகளில் சில அரங்கேற்ற மேடைகளில் சாதிப் பெருமையும், சொந்தச் சாதிக்குள்தான் திருமணம் என்ற பேச்சும் எழுந்தன, கண்டனமும் எழுந்தது. வேட்டுவர் வீட்டில் வளர்ந்த பெண்ணைத் தேடி முருகன் வந்து மணந்த கதையைப் பாடிக்கொண்டு, அந்த மேடையிலேயே வேலி போடுவது கதைக்கே பொருந்தாது. வேலம்பாளையத்தில் இன்று மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. அவர்கள் பிள்ளைகளும் முற்றத்தின் ஓரத்தில் நின்று பார்க்கிறார்கள். அவர்களை உள்ளே அழைக்கும் வாத்தியாரே இந்தக் கலைக்கு ஆள் சேர்ப்பவர்.

அன்று இருபது ஆண்கள் ஆடி, அவர்களில் ஒருவர் அடுத்த வாத்தியாரானார். இன்று நூற்றுக்கணக்கான பெண்கள் ஆடுகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் நடுவில் வந்து மைக்கைப் பிடித்துத் தினைப்புனத்திலிருந்து மாலை மாற்றல் வரை தாமே பாடி நடத்துகிறார்கள் என்று கேட்டால் விடை குறைவாகவே வரும். ஒவ்வொரு அரங்கேற்றத்திலும் எத்தனை பேர் ஆடினார்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். இந்த ஆண்டு எத்தனை பேர் வாத்தியாரானார்கள், அவர்களில் எத்தனை பேர் பெண்கள் என்றும் அறிவிக்க வேண்டும். கலையின் கணக்கு அதுதான். அடவு பழகிய பெண்களுக்கு இன்னும் ஆறு மாதம் கதையைச் சொல்லிக்கொடுக்க ஊர்ப் பெரியவர்கள் ஏற்பாடு செய்தால், சொல்லிக்கொடுக்கும் வாத்தியாருக்கு உரிய கூலியைக் கையில் வைத்தால், இந்தப் பள்ளிக்குக் கட்டடம் எக்காலத்திலும் தேவைப்படாது.