இசைக்கருவியும் தூக்குப்படுக்கையும்

ஆண்டுதோறும் ஜனவரி 29ஆம் நாள் மாலையில், புதுதில்லி விஜய் சௌக்கில் முப்படைகளின் இசைக்குழுக்கள் அணிவகுத்து வாசிக்கின்றன. பளபளக்கும் கருவிகளையும் பிசகாத நடையையும் காண்போர், இவ்விசைஞர்கள் விழாக்களுக்கென்றே அமைந்தவர்கள் என எண்ணக்கூடும். போர் மூண்டால் அவர்களது பணி வேறாகிறது.

முற்காலப் போர்க்களத்தில் இசையே கட்டளையாகப் பயன்பட்டது. தளபதியின் குரல் எட்டாத தொலைவிற்கும் முரசொலியும் பியூகிள் ஓசையும் எட்டின. முன்னேறுதல், பின்வாங்குதல், ஒன்றுகூடுதல் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஒலிக்குறிப்புகள் இருந்தன. தொலைபேசியும் கம்பியில்லாத் தந்தியும் வந்தபின் அத்தேவை குறைந்தது.

ஆகவே இசைஞர்கள், கருவிகளை வைத்துவிட்டுக் காயமுற்றோரைச் சுமக்கும் பணியை ஏற்றனர். போரிடும் வீரரே வீழ்ந்த தோழரைத் தூக்கிச் சென்றால், களத்தில் துப்பாக்கி ஏந்த ஆள் குறையும். இசைஞர்களோ ஒன்றுசேர்ந்து இயங்கப் பழகியவர்கள். இதில் ஒரு விந்தையும் உண்டு. ஒரே தாளத்தில் நடந்து பழகிய அவர்கள், தூக்குப்படுக்கையைச் சுமக்கும்போது அந்த நடையை மாற்றிக்கொள்ள வேண்டும். முன்னவர் இடக்காலை எடுத்துவைக்க, பின்னவர் வலக்காலை எடுத்துவைப்பார். இருவரும் ஒரே காலை வைத்தால் படுக்கை ஊசலாடும். அடிபட்டவரின் வலி மிகும்.

1914 நவம்பர் 20 அன்று, பெல்ஜியத்தின் வுல்வர்கெம் அருகே தாமஸ் ரெண்டில் என்னும் பிரிட்டிஷ் படை இசைஞர் இப்பணியில் இருந்தார். பகைவரின் பீரங்கிக் குண்டுகள் தாக்கியதால் பதுங்குகுழியின் மண்சுவர் சரிந்து, வீரர்கள் உயிரோடு புதையுண்டனர். குண்டுமழை ஓயும்வரை அவர் காத்திருக்கவில்லை. காயமுற்றோரைப் பேணியதோடு, மண்ணுள் சிக்கியவர்களையும் மீட்டார். அச்செயலுக்காக அவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது.

எனினும் களத்தில் இசை முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. 1915 செப்டம்பர் 25 அன்று, பிரான்சின் லூஸ் போர்முனையில் ஒரு படைப்பிரிவு நச்சுவாயுவால் நிலைகுலைந்தது. அதன் குழலிசைஞர் டேனியல் லெய்ட்லா பதுங்குகுழியின் மேட்டில் ஏறி, அங்குமிங்கும் நடந்தவாறே பேக்பைப் வாசித்தார். வீரர்கள் எழுந்து முன்னேறினர். காயமுற்ற பின்னும் அவர் வாசிப்பை நிறுத்தவில்லை. அவரும் விக்டோரியா சிலுவை பெற்றார். ஆனால், இவ்வாறு முன்னின்ற குழலிசைஞர் பலர் முதல் உலகப் போரில் மடிந்தனர். அதனால் இரண்டாம் உலகப் போரில் அவர்களை முன்னணியில் வாசிக்க அனுப்புவதைப் பிரிட்டிஷ் படைத்தலைமை தவிர்த்தது.

இந்தியத் தரைப்படையிலும் இப்பணி மரபாகத் தொடர்கிறது. மத்தியப் பிரதேசத்தின் பச்மரியில் 1950இல் தொடங்கப்பட்ட இராணுவ இசைப் பிரிவில் கருவிகளைக் கற்கும் இசைஞர்கள், போர்க்காலத்தில் தூக்குப்படுக்கை சுமப்போராகக் களம் செல்கின்றனர்.